குன்னூரிலிருந்து லிவர்பூலுக்கு: பீட்டில்ஸ் ரசிகர் வாரத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் பீட்டில்ஸ் ரசிகர்கள் கூடுகிறார்கள். ‘இன்டர்நேஷனல் பீட்டில்வீக்’ என்று அதற்குப் பெயர். பீட்டில்ஸ் என்பது இந்த ஊரில் உருவான நால்வர் இசைக்குழு. அது கலைந்தது 1970-இல். நால்வரில் ஜான் லென்னன் 1980-இலும் ஜார்ஜ் ஹாரிசன் 2001-இலும் காலமாகிவிட்டார்கள். அப்படியும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இசைக்குழுக்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து, நிலவறை கிளப்பிலும் ஹோட்டல் ஹால்களிலும் அதே பாட்டுகளை வாசிக்கின்றன. கேட்க வருகிறவர்களில் எழுபதைத் தாண்டிய பாட்டிகளும் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு.

நம் மலைக்கு இந்தப் பாட்டுகள் புதிதில்லை. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டவர்கள், போர்டிங் ஸ்கூல் விடுதியில் கிதார் பழகியவர்கள், வெலிங்டன் பட்டாளக் குடியிருப்பில் ரெக்கார்டு கேட்டு வளர்ந்தவர்கள் என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். “போகணும்னு ஆசைதான், எங்கே ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை” என்று சொல்கிறவர்களும் அவர்களில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒரே நேரத்தில் பல மேடைகளில் கச்சேரி நடக்கும். யாராலும் முழுக்கப் பார்க்க முடியாது. பக்கத்து நாற்காலிக்காரரோடு அரை மணி நேரம் பேச உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். அந்த வாரத்தின் நிஜமான சந்தோஷம் அதில்தான் இருக்கிறது. கீழே சொல்லும் ஏற்பாடுகளை ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்த நேரம் தானாகக் கிடைக்கும்.

எந்த விழா, எப்போது

அமெரிக்காவிலும் ஒன்று நடக்கிறது. மார்க் லாபிடோஸ் என்ற ரசிகர், லென்னனை நேரில் பார்த்துப் பேசி அவருடைய ஆதரவையும் வாங்கிக்கொண்டு 1974-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒரே ஹோட்டலுக்குள் சில நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்பது அதன் வசதி. ஆனால் அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி வாங்குவதே பெரும்பாடு. முதல்முறை என்றால் நான் லிவர்பூலைத்தான் சொல்வேன். அவர்கள் பிறந்த ஊர், படித்த பள்ளி, பாட்டில் வரும் பென்னி லேன் தெரு எல்லாம் அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை இங்கிலாந்தில் பொது விடுமுறை. விழா அதை ஒட்டியே வரும். அந்த வார இறுதியில் நகரத்தில் ஹோட்டல் வாடகை ஏறிவிடும், அறையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள். நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பழைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனுக்குச் சாதாரண விசிட்டர் விசா போதும். பயணத் தேதிக்கு அதிகபட்சம் மூன்று மாதம் முன்னதாக விண்ணப்பிக்கலாம்; முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஜூன் முதல் வாரத்தில் போட்டுவிட்டால் நிம்மதி. விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஆனால் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும். சென்னை, கொச்சி, பெங்களூரு எது உங்களுக்குச் சௌகரியமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆவணங்களில்தான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு இருந்தால் வேலை முடிந்தது. சிறு தேயிலை விவசாயிக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? அவர்கள் பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி வங்கியில் போட்ட பணம் தெரிகிற கணக்கு விவரம், ஃபேக்டரி தந்த பில்கள், பட்டா, சிட்டா எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாம். தமிழில் இருக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி, தேதி, பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் போட்டிருக்க வேண்டும். பட்டாவை அப்படியே தமிழில் வைத்துவிட்டால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அப்புறம், விண்ணப்பத்துக்கு முன் வாரம் மாமாவிடம் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கணக்கில் போடாதீர்கள். திடீரென்று வந்த பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிச்சயம் வரும். ஆறு மாதமும் சீராக ஓடிய சிறிய கணக்கே நல்லது.

பயணத்தின் காரணத்தை நேராக எழுதுங்கள்: பீட்டில்ஸ் ரசிகர் விழாவுக்குப் போகிறேன், இத்தனை நாள், இந்த ஹோட்டல். விழா டிக்கெட்டின் நகலைக் கூடவே வையுங்கள். ஹோட்டலை ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் வகையில் பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் விசா கைக்கு வந்த பிறகு எடுப்பதே புத்திசாலித்தனம்.

தங்குமிடம்

கச்சேரி நள்ளிரவு வரை போகும் என்பதால் நடந்தே திரும்பக்கூடிய தூரத்தில் அறை கிடைத்தால் நல்லது. லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கும், பீட்டில்ஸ் வாசித்த கேவர்ன் கிளப் இருக்கும் மேத்யூ ஸ்ட்ரீட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி. அங்கே விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் பர்க்கென்ஹெட் இருக்கிறது. ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலில் சில நிமிடங்களில் வந்துவிடலாம். ஆனால் கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கச்சேரியில் மனசு நிற்காது. இரண்டு பேர் சேர்ந்து போனால் நகருக்குள் ஒரு அறையைப் பகிர்ந்துகொள்வதே மேல்.

மலை இறங்குவது

லிவர்பூலுக்குப் போக மான்செஸ்டர் விமான நிலையம்தான் வசதி. அங்கிருந்து லைம் ஸ்ட்ரீட்டுக்கு ரயில் உண்டு. கொச்சியிலிருந்து துபாய் வழியாக மான்செஸ்டர் போவது நமக்கு ஒரு நல்ல வழி.

ஆகஸ்ட் நமக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கூடலூர், பந்தலூர், எமரால்டு பக்கம் இருப்பவர்கள் விமானத்துக்கு முதல் நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியில் சுற்றிக்கொண்டு வரலாம். ஆனால் வண்டிகள் எல்லாம் அந்த ஒரே ரோட்டில் திரும்பிவிடும்போது எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோவையில் ஒரு இரவு அறை வாடகை, விட்டுப்போன விமானத்தைவிட எவ்வளவோ மலிவு.

பெட்டியில் என்ன வைப்பது

உடை விஷயத்தில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் லிவர்பூல் குளிர் கிட்டத்தட்ட ஊட்டி ஆகஸ்ட் குளிர்தான். வீட்டில் போடும் ஸ்வெட்டரே போதும், தனியாகக் கோட்டு வாங்க வேண்டாம். ஆற்றங்கரையில் காற்று பலமாக அடிக்கும், குடை நிற்காது. தொப்பி வைத்த மழைச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். காதடைப்பான் இரண்டு ஜோடி வையுங்கள், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

கொடுப்பதற்கு ஏதாவது கொண்டுபோங்கள். நூறு கிராம் நீலகிரித் தேயிலைப் பொட்டலங்கள் பத்து இருந்தால் போதும். ஊட்டி வர்க்கியும் கொண்டுபோகலாம். ரொட்டி, பிஸ்கட் வகைக்கு அங்கே தடையில்லை. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

போவதற்கு முன் கேட்க வேண்டியது

எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். அங்கே யாரும் பரீட்சை வைப்பதில்லை. ஆனால் வரிசையாகக் கேட்டுவிட்டுப் போனால் அந்த வாரத்தின் ருசியே வேறு. 1963, 1965, 1967, 1969 ஆகிய நாலு ஆண்டுகளில் வந்த ஆல்பங்களில் ஒவ்வொன்றை எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக, ஒரே உட்காரலில் கேளுங்கள். முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டில் லென்னனின் தொண்டை கட்டிப்போயிருப்பது காதில் விழும். 1965-இல் வந்த ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தில் ஹாரிசன் முதல்முறையாக சிதார் வாசிக்கிறார். இத்தனை மாற்றமும் ஏழே ஆண்டுக்குள் நடந்தது என்பது வரிசையாகக் கேட்டால்தான் உறைக்கும்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கேட்டால் இன்னும் நல்லது. எல்லாரும் சேர்ந்து பாடும் இடங்களை வாய்விட்டுப் பாடிப் பழகுங்கள். ‘ஹே ஜூட்’ பாட்டின் இறுதிப் பகுதி மட்டும் நாலு நிமிடம் போகும், அதில் புதிதாக மனப்பாடம் செய்ய வரிகளே இல்லை. ஒரு ஹால் முழுக்க அதைப் பாடும்போது நீங்கள் வாய் மூடி நிற்கக் கூடாது.

அங்கே போனதும்

முதல் நாள் தூக்கம் சரியாக இருக்காது. நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். அன்றைக்குக் கச்சேரி எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஊரை மட்டும் சுற்றிப் பாருங்கள். மேஜிக்கல் மிஸ்டரி டூர் என்ற பஸ் சுமார் இரண்டு மணி நேரத்தில் பீட்டில்ஸ் வாழ்ந்த வீடுகள், பென்னி லேன், அவர்கள் பாட்டில் வரும் ஸ்ட்ராபெரி ஃபீல்டு எல்லாம் காட்டிவிட்டுக் கேவர்ன் கிளப் அருகில் இறக்கிவிடும். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

வீடுகளுக்கு உள்ளே போக வேண்டுமென்றால் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் தனிப் பயணத்தில்தான் முடியும். லென்னன் வளர்ந்த மெண்டிப்ஸ், பால் மெக்கார்ட்னி வளர்ந்த ஃபோர்த்லின் ரோடு வீடு, இரண்டுக்கும் சிறு குழுவாக அழைத்துப் போவார்கள். விழா வாரத்தில் இடம் கிடைக்காது. மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. மெண்டிப்ஸ் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன முன்னறை இருக்கிறது. கிதார் சத்தம் தாங்காமல், லென்னனை வளர்த்த மிமி பெரியம்மா அவரை அங்கே அனுப்பிவிடுவாராம். இரண்டு பேர் நெருங்கி நிற்கிற அளவு இடம்தான். சுவர் எதிரொலி பிடிக்கும் என்பதால் அங்கே பாடுவது லென்னனுக்கும் பிடித்துப்போனது. அந்த இடத்தில் மெதுவாக ஒரு வரி பாடிப் பாருங்கள், வழிகாட்டி தடுக்கமாட்டார் என்றால்.

உல்டன் பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்கும் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். 1957 ஜூலை 6 அன்று அந்தச் சர்ச் திருவிழாவில்தான் பதினாறு வயது லென்னனும் பதினைந்து வயது மெக்கார்ட்னியும் முதல்முறை சந்தித்தார்கள். அங்கே கூட்டம் குறைவு, நிதானமாக நிற்கலாம்.

கேவர்ன் கிளப்

மேத்யூ ஸ்ட்ரீட்டில் படியிறங்கிப் போகும் நிலவறை. 1961-க்கும் 1963-க்கும் இடையில் பீட்டில்ஸ் இங்கே 292 முறை மேடையேறியதாகக் கணக்கு. பழைய கிளப் 1973-இல் மூடப்பட்டது. பழைய செங்கற்களையும் பயன்படுத்தி 1984-இல் திரும்பக் கட்டினார்கள். தாழ்வான வளைவுக் கூரை, உள்ளே புழுக்கம், செங்கல்லில் பட்டுத் திரும்பும் சத்தம். காதடைப்பான் சொன்னது இதற்குத்தான். ஸ்வெட்டரை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பகல் நிகழ்ச்சிக்குப் போவது நல்லது, உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எந்தக் குழுவைப் பார்ப்பது? அச்சு அசலாக அதே சூட்டும் அதே தலைமுடியுமாக வரும் குழுக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். தென் அமெரிக்கா, ஜப்பான் பக்கமிருந்து வருகிறவர்களைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எவ்வளவு உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள் என்பது நமக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி, அதற்கு மேல் வேண்டாம்.

கன்வென்ஷன் நாள்

வாரத்தின் நடுநாயகம் இது. பல ஆண்டுகளாக ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அடெல்ஃபி ஹோட்டலில் நடந்து வருகிறது; உங்கள் ஆண்டில் எங்கே என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஹாலில் பழைய ரெக்கார்டு, பத்திரிகை, பேட்ஜ், போஸ்டர் கடைகள். இன்னொன்றில் அந்தக் காலத்தில் அவர்களோடு பழகியவர்கள், வேலை பார்த்தவர்கள் பேசுவார்கள். மற்றவற்றில் காலை முதல் கச்சேரி.

பேச்சுக்கு முதலிடம் கொடுங்கள். பேசுகிறவர்களில் பலர் எண்பதைத் தொட்டவர்கள். இன்னும் எத்தனை ஆண்டு அவர்கள் வாயால் கேட்க முடியும்? கேள்வி நேரத்தில் “லென்னன் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால், ஆயிரம் முறை சொன்ன பதில்தான் வரும். சின்னதாகக் கேளுங்கள். அன்று மதியம் என்ன சாப்பிட்டார்கள், வேனில் யார் முன்னால் உட்காருவார்கள், ஸ்டுடியோவில் குளிருமா என்று கேட்டால் அவர்கள் முகமே மாறும், சொல்லாத கதை வெளியே வரும். லிவர்பூல் பேச்சுவழக்கு முதலில் பிடிபடாது. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை, யாரும் கோபிக்கமாட்டார்கள்.

உங்களை இந்தியா என்று தெரிந்ததும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ரிஷிகேஷ் போயிருக்கிறீர்களா? 1968-இல் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் அவர்கள் தங்கி ஏராளமான பாட்டுகள் எழுதியது அங்கே எல்லாருக்கும் அத்துப்படி. அந்த இடம் இப்போது புலிகள் காப்பகப் பகுதிக்குள் இருக்கிறது, 2015 முதல் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் இறங்கி இசைக்கருவிகள் வாங்கினார்கள் என்பதையும், 1968 ஜனவரியில் ஹாரிசன் பம்பாய் ஸ்டுடியோவில் நம் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு நீளும். தேயிலைப் பொட்டலத்தை எடுக்க அதுதான் சமயம்.

ரெக்கார்டு வாங்குவது

ஹாலுக்குள் நுழைந்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு சுற்று வெறுமனே நடந்து, ஒரே ஆல்பம் வெவ்வேறு கடைகளில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய முடிக்கீறல் பரவாயில்லை. நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஊசியைக் குதிக்க வைக்கும். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்களை வைத்துத்தான் எந்தப் பதிப்பு என்று தெரியும். 1963-இல் வந்த முதல் ஆல்பத்தின் ஆரம்பப் பதிப்புகளில் பார்லஃபோன் என்ற ரெக்கார்டு கம்பெனியின் லேபிள் கறுப்பில் தங்க எழுத்து. அதே ஆண்டிலேயே மஞ்சளுக்கு மாறிவிட்டது. அந்தத் தங்க எழுத்துத் தட்டின் விலை நம் சக்திக்கு மீறியது, ஆனால் கையில் வாங்கிப் பார்க்கக் காசு வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்ட படம் மட்டும் வாங்கவே வேண்டாம். கூட்டம் தாங்காமல் நால்வர் சார்பிலும் உடன் பயணித்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் அந்தக் காலத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தாளிலும் மையிலும் இருந்தாலும் அது அந்த நால்வரின் கையெழுத்து என்று உறுதியில்லை.

நாம் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சடித்த இந்தியப் பதிப்புகளைத் தேடும் சேகரிப்பாளர்கள் வெளிநாட்டில் உண்டு. பழைய எஸ்டேட் பங்களா காலி செய்யும்போதோ, பழைய சாமான் கடையிலோ உங்கள் கையில் கிடைத்திருந்தால், இரட்டைப் பிரதியாக இருப்பதை எடுத்துப் போங்கள். வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்கியதை அட்டைக்கு நடுவில் வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், கஸ்டம்ஸில் கேட்டால் காட்டலாம்.

சாப்பாடு

கவலை வேண்டாம். போல்டு ஸ்ட்ரீட்டில் இந்திய, அரபு, சைவச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊர் பேர் பெற்ற ‘ஸ்கவுஸ்’ என்பது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு; இறைச்சி இல்லாமல் செய்வதை ‘பிளைண்ட் ஸ்கவுஸ்’ என்பார்கள். மிளகுப்பொடி தூவிச் சாப்பிட்டால் நம் நாக்குக்குப் பிடிக்கும்.

வீடு திரும்பிய பிறகு

சமவெளியில் கார் டிக்கியில் ரெக்கார்டுகளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், வெயிலில் வளைந்துவிடும். மேலே வந்தால் அதற்கு நேர்மாறான பிரச்சினை. செப்டம்பர் ஈரத்தில் அட்டை உறை இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை நிறுத்திவையுங்கள், வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், சிலிக்கா ஜெல் பைகள் போட்டு வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள்.

அங்கே பழகியவர்களுக்கு முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் விட்டுப்போகும். தேயிலை குடித்தவர்களில் ஒருவராவது நீலகிரிக்கு வர ஆசைப்படுவார். ஐப்பசி, கார்த்திகையில் கல்லாறு பக்கம் மண் சரிந்து மலை ரயில் நின்றுபோவது வழக்கம் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை வரச் சொல்லுங்கள். வெளியூர் வண்டியில் வந்தால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதை முன்பே தெரிவியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர்கள் வரும் தேதி உறுதியானதும் முன்பதிவு திறக்கும் அன்றே டிக்கெட்டை எடுத்துவையுங்கள்.